லெஃப்ட் ரைட் மட்டும்தான் ராணுவப் பயிற்சியா?

ராணுவப் பயிற்சிக்குப் பட்டப்படிப்பில் பாதி கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி, தருவதை ஒருவர் மேடையில் கிண்டல் செய்யும் வீடியோ. அதை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. "லெஃப்ட் ரைட் போட்டவனுக்கெல்லாம் பாதி டிகிரி இலவசமா?" என்று அவர் கேட்டதும் அரங்கமே சிரிக்கிறது. பேசியவர் கல்லூரி நடத்துகிறவர். மாணவர்களும் கை தட்டுகிறார்கள். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

2022-ல், இளைஞர்களை நான்கு வருடத்துக்குப் படையில் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தின் அறிவிப்பை ஒட்டி, அதில் சேர்கிற அக்னிவீரர்களுக்காக வந்தது இக்னோ என்ற மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மூன்று வருட இளங்கலைப் படிப்பு. அதில் பாதி கிரெடிட், பணியில் பெறும் பயிற்சிக்கு. மீதிப் பாதிக்கு மொழி, பொருளாதாரம், வரலாறு, பொது நிர்வாகம் என்று எதையாவது எடுத்து, எல்லோரையும் போலப் படித்துத் தேறியாக வேண்டும். இதில் இலவசம் எங்கே வந்தது? பயிற்சியும் படிப்புதான் ஐயா.

நான் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்தவன். லக்னோவில் விடிகாலை பி.டி. முடித்த கையோடு வகுப்பு. எலும்பு, தசை, மருந்து, தொற்று எல்லாம் உண்டு. டெஸ்டில் தேறாவிட்டால் ரெலிகேட் பண்ணி அடுத்த பேட்ச்சோடு உட்கார வைப்பார்கள். பிறகு லடாக். பாறையில் சறுக்கி விழுந்து ரத்தம் போன ஒரு பையனுக்கு, குளிரில் நரம்பு சுருங்கி ஊசி ஏறவில்லை. அவன் கையை என் அக்குளில் வைத்துச் சூடேற்றினேன். சலைன் உறைந்துவிடாமல் பாட்டிலை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் நரம்பு கிடைத்தது.

ஓய்வு பெற்று வந்து, ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மருத்துவமனை நிர்வாகம் படிக்கப் போனேன். என் பயிற்சிச் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "ப்ளஸ் டூ மார்க் ஷீட் மட்டும் கொடுங்க" என்றார் கிளார்க். முதல் செமஸ்டரில் முதலுதவி என்று ஒரு பேப்பர். கட்டுப் போடும் படத்தைப் பார்த்து மனப்பாடம் பண்ணி எழுதினேன். அதற்குக் கிரெடிட் உண்டு. லடாக்கில் செய்ததற்குக் கிடையாது.

"அப்படியானால் உங்களுக்கு நர்ஸ் உரிமமே கொடுத்துவிடலாமே" என்பீர்கள். நான் அதைக் கேட்கவே இல்லை. என்ன கற்றேன், எத்தனை மணி நேரம் கற்றேன் என்று பார்த்துக் கணக்கில் சேருங்கள் என்கிறேன். "தரம் போய்விடும்" என்பவர்களுக்கு: என்.சி.சி.யைக் கிரெடிட் உள்ள விருப்பப் பாடமாக வைக்கச் சொல்லி 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களுக்கு எழுதியபோது போகாத தரமா இப்போது போய்விடும்? அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போர்க் காலம் தொட்டே ராணுவப் பயிற்சியை மதிப்பிட்டுக் கல்லூரிகளுக்குக் கிரெடிட் பரிந்துரைக்கிறார்கள். அங்கே விமானப் படைக்கென்றே 1972-லிருந்து ஒரு கம்யூனிட்டி காலேஜ் இருக்கிறது.

"அக்னிபத்தே தப்பான திட்டம், அதை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?" என்றும் ஒருவர் கேட்டார். நான் எங்கே தூக்கிப் பிடித்தேன்? நாலில் ஒரு பங்குப் பேரைத்தான் நான்கு வருடத்துக்குப் பிறகும் வைத்துக்கொள்வார்கள். மீதிப் பையன்கள் இருபதுகளிலேயே வெளியே வந்து நிற்பார்கள். திட்டம் பிடிக்கவில்லை என்றால் அதைக் கொண்டுவந்தவர்களிடம் சண்டை போடுங்கள். பையன்களின் படிப்பில் ஏன் கை வைக்கிறீர்கள்?

எங்கள் தலைமுறைக்காவது பதினைந்து வருட சர்வீஸ் இருந்தது. பத்தாவது தேறி அவ்வளவு காலம் பணி செய்த முன்னாள் படைவீரரை, மத்திய அரசின் குரூப் சி ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பட்டதாரிக்குச் சமமாகக் கருதலாம் என்று 1986-லேயே விதி வந்தது. ஆனால் அப்படிச் சமம் என்று தரும் சான்றிதழை நீட்டி எம்.ஏ. சேரப் போனால் கதவு திறக்காது. வேலைக்குப் பட்டதாரி, படிப்புக்கு ப்ளஸ் டூ. இது எந்த ஊர் நியாயம்? என் கூட இருந்தவர்கள் எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் படிப்பை விட்டார்கள். இன்று ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார்கள். அவர்களில் ஜெனரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுகிறவன் இருக்கிறான், வயர்லெஸ்ஸில் கில்லாடி இருக்கிறான். யாரும் அவர்களிடம் என்ன தெரியும் என்று கேட்டதில்லை.

தரைப்படையின் அக்னிவீர் முதல் பேட்ச் 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போனது. நான்கு வருடம் முடித்து வருகிறவர்களில் யாராவது ஒரு பையன் உங்கள் கல்லூரி ஆபீசுக்கும் வருவான். அவன் நீட்டும் சான்றிதழைக் கையில் வாங்கிப் படித்துப் பாருங்கள். எத்தனை கிரெடிட் என்பதை அப்புறம் பேசலாம்.