கடையை மூடினால் கணக்கு நோட்டு யார் கையில்?

2022 மே மாதம், இங்கிலாந்தில். அம்மாவை ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், அழைத்துப் போன மூன்று தடவையும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருந்தோம். வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானே பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மகன் அம்மாவிடம் கேட்கக் கூசும் கேள்விகளையெல்லாம் கேட்டேன். அம்மாவும் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னார். மருத்துவருக்குப் போய்ச் சேர்ந்தது அந்த மீதிதான்.

அன்று இரவே எங்கள் பகுதிச் சுகாதார அமைப்புக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு அனுப்பினேன். மொழிபெயர்ப்புச் சேவைக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவாகிறது? பதிவு செய்தும் ஆள் வராமல் போனது எத்தனை முறை? இரண்டே கேள்விகள். 20 வேலை நாட்களில் பதில் வர வேண்டும்.

நாள் தாண்டியது. நினைவூட்டினேன். அதற்குள் ஜூலை 1 வந்துவிட்டது. அன்றுதான் இங்கிலாந்து முழுவதும் உள்ளூர் மருத்துவச் சேவைகளுக்குப் பணம் ஒதுக்கிவந்த சிசிஜி குழுக்கள் எல்லாம் கலைக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் 42 ஐசிபி வாரியங்கள் வந்தன. என் அடுத்த மின்னஞ்சல் திரும்பி வந்தது. புது அமைப்பின் முகவரியைத் தேடிப் பிடித்து எழுதினால், “நீங்கள் கேட்கும் தகவல் எங்களிடம் இல்லை” என்று ஒரு வரி. அந்த ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னார். நல்ல மனிதர், உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் பதில் இன்றுவரை வரவில்லை.

நடந்ததை மனசுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். யாரும் வேண்டுமென்றே எதையும் மறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பலகையை மாற்றினார்கள், மேசைகளை மாற்றினார்கள், கோப்புகள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போயின. எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் மட்டும் அந்த மாற்றத்தோடு வரவில்லை. சட்டப்படி பழைய அமைப்பின் பொறுப்புகள் புதியதற்கு வந்துவிடும். ஆனால் சட்டம் கேட்பது “உங்களிடம் இருக்கிறதா?” என்றுதான். தேடத் தெரிந்தவர் இல்லாத இடத்தில் “இல்லை” என்ற பதில் சுலபமாக வந்துவிடுகிறது.

இதை என் சொந்தக் குறையாக மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை, ஏனென்றால் இதைவிடப் பெரிய அளவில் இது நடந்திருக்கிறது.

2010-இல் அன்றைய கூட்டணி அரசு, நாட்டின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ்-ஐத் தலைகீழாக மாற்றப்போவதாக அறிவித்தது. அந்த மாற்றத்தில் என்னென்ன ஆபத்துகள் இருக்கின்றன என்று சுகாதாரத் துறையே ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதைக் கொடுங்கள் என்று தொழிற்கட்சி எம்பி ஜான் ஹீலி 2010 நவம்பரில் கேட்டார். துறை மறுத்தது. ஒரு வருடம் கழித்து, கொடுத்தே ஆக வேண்டும் என்று தகவல் ஆணையர் உத்தரவிட்டார். துறை மேல்முறையீட்டுக்குப் போனது. 2012 மார்ச்சில் தீர்ப்பாயமும் அந்த மாற்றக் காலத்துக்கான ஆபத்துப் பட்டியலைக் கொடுக்கச் சொன்னது. அதே மார்ச் 27 அன்று அந்த மாற்றத்துக்கான மசோதாவுக்கு அரச ஒப்புதல் கிடைத்துச் சட்டமாகிவிட்டது. மே மாதம் சுகாதார அமைச்சர் ஆண்ட்ரூ லான்ஸ்லி, அமைச்சரவையின் தடை அதிகாரத்தைப் பயன்படுத்தித் தீர்ப்பையே செல்லாமல் ஆக்கினார்.

வரிசையைக் கவனியுங்கள். கேட்டது மாற்றத்துக்கு முன்னால். ஆணையரும் தீர்ப்பாயமும் சொன்னது கேட்டவர் பக்கம். அதற்குள் சட்டம் நிறைவேறிவிட்டது. வாக்களித்த எம்பிக்கள் அந்தப் பட்டியலைப் பார்க்காமலேயே வாக்களித்தார்கள். நோயாளியின் ஸ்கேன் அறிக்கையை உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்கு வீட்டாரிடம் கையெழுத்து வாங்கின மாதிரி.

அந்த மாற்றத்தின் பகுதியாக 2013 ஏப்ரல் 1 அன்று பிறந்ததுதான் பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து. தொற்றுநோய்களைக் கவனிப்பது அதன் முக்கிய வேலை. 2020 ஆகஸ்டில், கோவிட் நடுவிலேயே, அதைக் கலைக்கப்போவதாக அன்றைய சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக் அறிவித்தார். 2021 அக்டோபர் 1 முதல் அதன் வேலைகள் வேறு கைகளுக்குப் போயின. அதே அக்டோபரில்தான் இன்னொன்று வெளியே வந்தது. 2016 பிப்ரவரியில் அந்த அமைப்பு ‘எக்சர்சைஸ் ஆலிஸ்’ என்று ஒரு ஒத்திகை நடத்தியிருந்தது. மெர்ஸ் பரவினால் என்ன செய்வது என்பதுதான் ஒத்திகை. மெர்ஸும் ஒரு கொரோனா வைரஸ்தான். பாதுகாப்பு உடைகளின் இருப்பு, தனிமைப்படுத்தலுக்கான திட்டம் என்று 2020-இல் நாம் தவித்த விஷயங்கள் அந்த அறிக்கையில் இருந்தன. ஒரு என்எச்எஸ் மருத்துவர் விடாமல் தகவல் மனு போட்டுக்கொண்டே இருந்ததால்தான் அது நம் கண்ணில் பட்டது. நடத்திய அமைப்பு அப்போது இல்லை. யாரைப் பார்த்து “ஏன் செய்யவில்லை?” என்று கேட்பது?

அதன் இடத்துக்கு வந்த யுகே ஹெல்த் செக்யூரிட்டி ஏஜென்சியின் முதல் ஆண்டு, அதாவது 2021-22 கணக்கைப் பார்த்த நாட்டின் தலைமைத் தணிக்கையாளர், போதிய ஆதாரம் கிடைக்காததால் கருத்துச் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார். அதிகாரம் உள்ள தணிக்கையாளருக்கே இந்தக் கதி என்றால், மின்னஞ்சல் மட்டும் வைத்திருக்கும் நம் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்?

2025 மார்ச் 13 அன்று பிரதமர் ஸ்டார்மர், இங்கிலாந்தில் என்எச்எஸ்-ஐ நடத்திவந்த ‘என்எச்எஸ் இங்கிலாந்து’ என்ற அமைப்பைக் கலைத்துச் சுகாதாரத் துறையோடு சேர்க்கப்போவதாக அறிவித்தார். ஐசிபிக்களும் நிர்வாகச் செலவைப் பாதியாகக் குறைக்கும்படி சொல்லப்பட்டன. இந்த மாற்றமே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு இடத்தில் ஒரே வேலை நடப்பது வீண்தான். ஆனால் தகவல் உரிமையில் இதனால் என்ன மாறும் என்று யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, கொள்கை உருவாக்கம் சம்பந்தப்பட்டது என்று சொல்லித் தகவலை மறுக்க இடம் கொடுக்கிறது. அது அரசுத் துறைகளுக்கு மட்டும் உள்ள சலுகை. தனி அமைப்பாக இருக்கும்வரை என்எச்எஸ் இங்கிலாந்து அதைப் பயன்படுத்த முடியாது. துறைக்குள் போன பிறகு அதே கோப்பு, அதே மேசை, ஆனால் மறுக்க ஒரு புதிய காரணம் கையில் இருக்கும். அப்புறம் லான்ஸ்லி பயன்படுத்திய அந்தத் தடை அதிகாரம், 53-ஆவது பிரிவு. அதுவும் முக்கியமாக அரசுத் துறைகளுக்கானது. ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை: செலவு வரம்பு கொஞ்சம் நமக்குச் சாதகமாகும். மற்ற அமைப்புகள் ஒரு மனுவுக்கு 450 பவுண்டு, அதாவது 18 மணி நேர வேலை வரைதான் தேட வேண்டும். மத்திய அரசுத் துறைக்கு அது 600 பவுண்டு, 24 மணி நேரம். கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஆறு மணி நேரத்துக்காக நான் மகிழ்ச்சியடையத் தயாராக இல்லை.

இங்கே மட்டும் நடப்பதல்ல இது. அமெரிக்காவில் 2025 ஏப்ரல் 1 அன்று சுகாதாரத் துறை ஆட்குறைப்பில், அட்லாண்டாவில் இருக்கும் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் தகவல் உரிமை அலுவலக ஊழியர்களையே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கேள்வி வாங்கும் ஜன்னலையே அடைத்தது போல.

நம் ஊர் ஆர்டிஐ சட்டத்தில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. இந்தியாவின் 2005 சட்டத்தின் 6(3) பிரிவு. தவறான அலுவலகத்துக்கு மனு போனால், அவர்களே ஐந்து நாட்களுக்குள் சரியான அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். நடைமுறையில் எத்தனை ஓட்டைகள் என்று அங்கே மனு போட்டு அலைந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் சட்டம் அலைச்சலை அதிகாரி தலையில் வைக்கிறது. பிரிட்டன் சட்டத்தில் அப்படிக் கட்டாயம் இல்லை. உதவி செய்ய வேண்டும் என்று 16-ஆவது பிரிவு சொல்வதோடு சரி. அந்த ஒரு வரி இங்கேயும் இருந்திருந்தால் என் மனு அந்தரத்தில் நின்றிருக்காது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அமைப்பை மூடும் மசோதாவிலேயே மூன்று விஷயம் எழுதியிருக்க வேண்டும்: எந்தக் கோப்பு யாரிடம் போகிறது என்ற பட்டியல், அதை மக்கள் பார்க்கும்படி வெளியிடும் தேதி, பதில் வராமல் கிடக்கும் மனுக்களுக்கு முதல் நாளிலேயே பொறுப்பேற்கும் ஓர் அதிகாரியின் பதவி. மாசுபட்ட இரத்தத்தாலும் இரத்தப் பொருட்களாலும் 30,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்ஐவியோ ஹெப்படைட்டிஸோ தொற்றிய கொடுமையை விசாரித்த சர் பிரையன் லாங்ஸ்டாஃப், சுகாதாரத் துறையில் ஆவணங்கள் வேண்டுமென்றே அழிக்கப்பட்டதாக 2024 மே மாதம் எழுதினார். அந்தக் குடும்பங்கள் காகிதத்துக்காக எத்தனை வருடம் காத்திருந்தன என்று தெரிந்த பிறகும், இதை வெறும் நிர்வாக விஷயம் என்று ஒதுக்க என்னால் முடியாது.

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதி மருத்துவச் சேவை பற்றி ஏதாவது கேட்க நினைத்திருந்தால், மாற்றம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இப்போதே கேளுங்கள். “தகவல் தாருங்கள்” என்று பொதுவாக எழுதாமல், எந்த ஒப்பந்தம், எந்த வருடம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வையுங்கள். மனு போட்ட பிறகு அந்தத் தகவலை மறைக்கவே அழித்தால், 77-ஆவது பிரிவின்படி அது குற்றம்.

நேற்று இரவு அதே இரண்டு கேள்விகளை மறுபடியும் அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை மூன்றாவதாக ஒன்றும் சேர்த்திருக்கிறேன்: 2022 ஜூலை 1-க்கு முந்தைய மொழிபெயர்ப்பு ஒப்பந்தக் கோப்புகள் இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கின்றன? பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.