ஆறு வந்து தொடாத படித்துறை

காசிக்குப் போய்வருபவர்கள் பெரும்பாலும் மாலை ஆரத்திப் படத்தைத்தான் போடுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கும் விளக்குகளுக்கும் அடியில் கிடக்கும் படிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லையே என்று எனக்கு ஆதங்கம்.

மழைக்காலத்தில் கங்கை அங்கே பல மீட்டர் உயரம் ஏறிவிடும். தசாஸ்வமேத காட்டில் (காட் என்றால் அங்கே படித்துறை) ஆரத்தியே மொட்டை மாடிக்குப் போய்விடும். மணிகர்ணிகாவில் சிதை அடுக்குவதும் மேல்தளத்துக்கு மாறும். வெள்ளம் வடிந்தால் படியெல்லாம் சேறு. கழுவித் தள்ளிவிட்டு மறுபடி கீழே இறங்குவார்கள். ஆறு ஏறினால் ஏறட்டும், இறங்கினால் இறங்கட்டும், எந்த மட்டத்தில் ஓடினாலும் மனிதன் அதன் விளிம்புவரை போய் ஒரு கை நீர் அள்ள முடிய வேண்டும். அதற்காகக் கட்டியவை அந்தப் படிகள். ஆற்றை எதிர்த்துப் பாரம் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சாட்சி உண்டு: 1830-களில் கட்டிய சிந்தியா காட் தன் எடை தாங்காமல் சரிந்தது. பக்கத்திலுள்ள ரத்னேஷ்வர் கோயில் இன்றும் சாய்ந்துதான் நிற்கிறது.

இன்று நாம் பார்க்கும் கல் காட்கள் பலவும் 18-ஆம் நூற்றாண்டில், மராட்டியர் கை ஓங்கியிருந்தபோது எழுந்தவை. இந்தூர் அகல்யாபாய் ஹோல்கர் 1780-இல் விசுவநாதர் கோயிலை மீண்டும் கட்டியதோடு நிற்காமல் மணிகர்ணிகாவையும் சீரமைத்தார். நம்மவர்களின் தடமும் அங்கே உண்டு. குமரகுருபரர் நிறுவிய மடம் கேதார் காட்டில் இருக்கிறது. ஹனுமான் காட் பக்கம்தான் இளம்வயது பாரதி வாழ்ந்தார்.

கங்கை அங்கே வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. காட்களெல்லாம் மேற்குக் கரையில். அதனால் நீரில் நிற்பவருக்கு நேர் எதிரே சூரியன் உதிக்கும், அப்படியே கையில் நீர் அள்ளி அர்க்கியம் விடலாம். அசி, தசாஸ்வமேதம், மணிகர்ணிகா, பஞ்சகங்கா, வருணை ஆறு வந்து கூடும் ஆதிகேசவம் என ஐந்து இடங்களிலும் முழுகுவது பஞ்சதீர்த்த யாத்திரை. சங்கல்பம், பிண்டம், கடைசியில் சிதை, எல்லாம் அதே படிவரிசையில்தான்.

காவிரிக்கு வருவோம். ஐப்பசியில் கங்கை உட்பட எல்லாப் புண்ணிய நதிகளும் மயிலாடுதுறையில் உள்ள துலாக்கட்டம் என்ற காவிரிப் படித்துறைக்கு வந்து தங்கள் பாவத்தைக் கழுவிக்கொள்கின்றன என்பது நம்பிக்கை. மாதக் கடைசி நாள் கடைமுகம். அதற்குள் வந்துசேர முடியாத ஒரு முடவருக்காக இறைவன் கார்த்திகை முதல் நாளிலும் அதே பலனைக் கொடுத்தாராம். அதுதான் முடவன் முழுக்கு. நம் படித்துறைக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நடக்க முடியாதவனுக்காகக் காலமே ஒரு நாள் நீள்கிறது! அதே மண்ணில் சாதிக்கொரு துறை ஒதுக்கி, சிலரை அண்டவே விடாமல் வைத்திருந்த வரலாறும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் புனிதம் பேச எனக்கு மனம் வரவில்லை.

இப்போதைய வேதனை வேறு. மணல் அள்ளி அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்துவிட்டது. பல ஊர்களில் கடைசிப் படிக்குக் கீழே பள்ளம், அதற்கும் அப்பால் தண்ணீர். நீர் வராத ஆண்டுகளில் ஆடிப்பெருக்குக்கும் அமாவாசைக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாயில் விட்டு, அதன் கீழே நின்று குளிக்கிறோம். தர்ப்பணம் செய்தவர் எள்ளும் நீரும் விட ஓடும் ஆற்றைத் தேட வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் படித்துறையை அழகுபடுத்துகிறோம் என்று டைல்ஸ் பதித்து, கம்பி வேலி போட்டு, வண்ண விளக்கு மாட்டுகிறார்கள். யாருக்காக?

ஊர்ப் பெரியவர்களிடமும் நீர்வளத் துறையிடமும் நான் கேட்பது இவ்வளவுதான். அந்தப் பணத்தில் முதலில் படிகளைக் கோடைக்கால நீர்மட்டத்துக்கும் கீழே இறக்கிக் கட்டுங்கள், முதியவர்கள் பிடித்து இறங்கக் கைப்பிடி வையுங்கள். சாக்கடை வந்து சேரும் வாயைத் துறைக்கு மேலே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த மணல் லாரிகளை நிறுத்துங்கள்.