செபிக் ஆற்றங்கரையில் யாரும் ஒளிந்திருக்கவில்லை

பப்புவா நியூ கினியில் 800க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு விளக்கம் வந்து விழும்: மலை, காடு, சதுப்பு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வாழ்ந்தார்கள், அதனால்தான் ஊருக்கொரு மொழி. இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

அந்த நாட்டின் செபிக் ஆறு 1,100 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து ஓடி பிஸ்மார்க் கடலில் கலக்கிறது. அங்கே ஆறுதான் சாலை, தோணிதான் வண்டி. ஆற்றங்கரையில் வாழும் இயாட்முல் இனப் பெண்கள் மீனைக் கொண்டுபோய்ப் பக்கத்துச் சாவோஸ் இனப் பெண்களிடம் கொடுத்து, சாகோ என்ற பனை வகையின் மாவு வாங்கி வருவது தலைமுறை தலைமுறையாக நடந்த பண்டமாற்று. அங்கேயே இன்னொரு மக்களான யிமாஸ்காரர்களின் மொழியில், ஒட்டுக்கு மேல் ஒட்டாகச் சேர்த்து ஒரே வினைச்சொல்லுக்குள் முழு வாக்கியத்தையே அடைத்துவிடலாம். ஆனால் அக்கம்பக்கத்து அராஃபுண்டிக்காரர்களோடு வியாபாரம் பேச உட்காரும்போது அந்த ஒட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவைத்து, அதற்கென்றே ஓர் எளிய கலப்புப் பேச்சை வைத்திருந்தார்கள். முகம் பார்க்காதவர்கள் செய்கிற காரியமா இது?

‘பப்புவன் மொழிகள்’ என்ற பெயரும் ஆளை ஏமாற்றும். அது ஒரு குடும்பத்தின் பெயர் அல்ல. அந்தப் பகுதியில் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தில் (மலாய், ஃபிஜி போன்ற மொழிகளின் குடும்பம்) சேராதவற்றையெல்லாம் திணித்துவைத்த கோணிப்பை. இயாட்முல் ஒரு குடும்பம், யிமாஸ் வேறு குடும்பம். செபிக் பகுதியின் இன்னொரு மொழியான அலம்பிளாக்கில் உருவத்தைப் பார்த்துப் பால் பிரிக்கிறார்கள்: நீண்டு ஒல்லியாக இருக்கும் முதலை, மலைப்பாம்பு, அம்பு ஆண்பால்; குட்டையாக, அகலமாக இருக்கும் ஆமை, தவளை, வீடு பெண்பால். இவை எல்லாவற்றையும் அஃறிணை என்று ஒரே மூலையில் தள்ளிப் பழகிய நமக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும்.

செபிக் மொழிகளைக் கணக்கெடுத்த மொழியியலாளர் டோனல்ட் லேகாக்கிடம் அப்பகுதிக்காரர் ஒருவர் சொன்னதன் சாரம் இது: எல்லோரும் ஒரே மாதிரி பேசினால் நன்றாக இருக்காது, யார் எந்த ஊர் என்று தெரிய வேண்டும். பிரிந்து கிடந்ததால் வந்த வேறுபாடு அல்ல; அருகருகே இருந்துகொண்டே விரும்பிப் பேணிய வேறுபாடு என்றுதான் எனக்குப் படுகிறது.

காடுதான் மொழியை வளர்த்தது என்றால், அதே காடு அதைக் காப்பாற்றவும் வேண்டுமல்லவா? கீழ்ச் செபிக் சதுப்புக்குள் இருக்கும் காபுன் என்ற ஒரே ஊரின் மொழி தயாப். எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. 1980களின் நடுவில் மானிடவியலாளர் டான் குலிக் அங்கே போனபோதே, சிறுவர்கள் ஆங்கிலச் சொற்களை அடிப்படையாகக் கொண்ட நாட்டுப் பொதுமொழியான டோக் பிசினில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் தயாப்பைத் தடை செய்யவில்லை. தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பிய ஆண்கள் கொண்டுவந்த டோக் பிசினோடு அறிவு, தேவாலயம், ஆண்மை எல்லாம் ஒட்டிக்கொண்டன. தயாப்புக்கு மிஞ்சியது பழைய வழக்கமும் பெண்களின் கோபமும். அம்மா தயாப்பில் ஒன்று சொல்வாள். குழந்தை திரும்பிப் பார்க்காவிட்டால் அதையே டோக் பிசினில் சொல்வாள்.

இன்று பேசுபவர்கள் ஐம்பது பேர்கூடத் தேற மாட்டார்கள். பெற்றோரைக் கேட்டால், பிள்ளைகள் பிடிவாதக்காரர்கள், அவர்களாகவே விட்டுவிட்டார்கள் என்றார்களாம். இரண்டு வயதுக் குழந்தை மீது பழி போடுகிற அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மலையையும் காட்டையும் காரணம் காட்டுகிறவர்களைத்தான் விடுவதாக இல்லை.