பியேர் தக்கியின் குற்றத்துக்கு அவருடைய படைப்புகள் ஏன் தண்டனை அனுபவித்தன?

2019 மார்ச் 12 அன்று ஜப்பானிய நடிகரும் இசைக்கலைஞருமான பியேர் தக்கி, கொக்கெய்ன் பயன்படுத்தியதற்காகக் கைது செய்யப்பட்டார். அவர் அதை மறுக்கவில்லை. இருபதுகளிலிருந்தே போதைப்பொருளைப் பயன்படுத்தி வந்ததாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஜூன் மாதத்தில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவருக்கு ஒன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்து, அதை மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. சட்டம் தன் கடமையைச் செய்ததில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் நீதிமன்றம் வாய் திறப்பதற்கு முன்பே அவருடைய முப்பதாண்டு உழைப்பைக் கடைகளிலிருந்தும் திரைகளிலிருந்தும் துடைத்தெடுத்தார்களே, அதைத்தான் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

அந்த உழைப்பு எத்தகையது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1989இல் இஷினோ தக்யூவுடன் சேர்ந்து அவர் தொடங்கிய டென்கி குரூவ் இசைக்குழு, ஜப்பானில் மின்னணு இசையை வெகுமக்களிடம் கொண்டுசேர்த்த குழுக்களில் ஒன்று. நடிகராக அவருடைய வீச்சைப் புரிந்துகொள்ள அடுத்தடுத்து வந்த இரண்டு வேடங்களே போதும். 2013இல் கசுயா ஷிராய்ஷி இயக்கிய குற்றப்படம் ஒன்றில், சிறையின் சந்திப்பு அறையில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்து, வெளியுலகம் அறியாத கொலைகளைப் பத்திரிகையாளரிடம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும் மரணதண்டனைக் கைதியாக நடித்தார். பணிவாகப் பேசிக்கொண்டிருக்கும் அந்த மனிதனே முன்பு என்னென்ன செய்தான் என்று படம் காட்டும்போது நம் வயிறு கலங்குகிறது. மறு ஆண்டே ஃப்ரோசன் படத்தின் ஜப்பானிய வடிவத்தில், குழந்தைகள் கொஞ்சி மகிழ்ந்த பனிமனிதன் ஓலாஃபுக்குக் குரல் கொடுத்தவரும் இவர்தான்.

கைதான மறுநாளிலிருந்து நடந்தவை வேகமாக நடந்தன. சோனி மியூசிக் நிறுவனம் டென்கி குரூவின் இசைத்தட்டுகளைத் திரும்பப் பெற்று, இணைய விற்பனையையும் நிறுத்தியது. சேகா நிறுவனம், அவர் முகமும் குரலும் இடம்பெற்ற காணொளி விளையாட்டின் விற்பனையை நிறுத்தி, பின்னர் வேறொருவரை வைத்து அந்தப் பாத்திரத்தை மாற்றியது. ஒலிம்பிக்கில் ஓடிய முதல் ஜப்பானிய மாரத்தான் வீரர் ஷிசோ கனகுரிக்குத் துணிக்காலணி தைத்துக் கொடுக்கும் கைவினைஞராக, ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் வரலாற்றுத் தொடரில் அவர் நடித்து வந்தார். அந்த வேடமும் இன்னொரு நடிகருக்குப் போயிற்று. எஞ்சியிருந்த படப்பிடிப்புக்கு வேறு ஆளைத் தேடியதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இஷினோ தக்யூ எந்தக் குற்றமும் செய்யாதவர். அவருடைய பாடல்களை ஏன் முடக்க வேண்டும்? இசைக்குக் குற்றமில்லை என்று பொருள்பட புகழ்பெற்ற இசையமைப்பாளர் ரியூய்ச்சி சாகமோட்டோவே வெளிப்படையாக எழுதினார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு முறையிட்டார்கள். ஆயினும் அந்தப் பாடல்கள் திரும்பி வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

தோயே படநிறுவனம் மட்டும் வேறு வழியில் சென்றது. அவர் நடித்திருந்த ஷிராய்ஷியின் புதிய படத்தை, ஒரு காட்சியையும் வெட்டாமல், திட்டமிட்டபடி ஏப்ரல் 5 அன்று வெளியிட்டது. கைதான நடிகர் இதில் இருக்கிறார் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டது. விரும்புகிறவர் சீட்டு வாங்கிப் பார்க்கலாம், விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம் என்ற இந்த நேர்மையான ஏற்பாட்டை மற்ற நிறுவனங்களும் பின்பற்றியிருக்க முடியும்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தந்தது அரசுசார் அமைப்பின் நடத்தை. தெத்சுயா மரிகோ இயக்கிய ஒரு படத்துக்கு ஜப்பான் கலை மன்றம் ஒரு கோடி யென் மானியம் தருவதாக இருந்தது. கைதுக்கு முன்பே முடிந்துவிட்ட அந்தப் படத்தில் தக்கிக்குச் சிறிய வேடம்தான். அப்படியிருந்தும், பணம் கொடுத்தால் போதைப்பொருளை அரசே பொறுத்துக்கொள்வதாக மக்கள் எண்ணிவிடுவார்கள் என்று காரணம் காட்டி, பொதுநலத்தின் பெயரால் மன்றம் மானியத்தை மறுத்தது. தயாரிப்பாளர் மித்சுநோபு கவமுரா பணிந்துபோகாமல் தம் நிறுவனத்தின் பெயரில் வழக்குத் தொடுத்தார். 2021இல் மாவட்ட நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. அந்த ஜூனில் கவமுரா காலமானார். 2023 நவம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் மானிய மறுப்பு சட்டவிரோதம் என்று இறுதித் தீர்ப்பளித்தது. பொதுநலம் என்ற தெளிவற்ற காரணத்தைக் காட்டி மானியத்தை மறுக்க இடம் கொடுத்தால், அடுத்த விண்ணப்பத்தை எழுதும் கலைஞர் தாமாகவே அஞ்சிச் சுருங்கிவிடுவார் என்பதை நீதிபதிகள் உணர்ந்திருந்தார்கள். ஜப்பானியக் கலையுலகுக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த மிக முக்கியமான பாதுகாப்பாக நான் இந்தத் தீர்ப்பையே கருதுகிறேன்.

எல்லா வழக்குக்கும் இந்த வாதம் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் பாலியல் வன்முறைக்காகக் கைதாகிப் பின்னர் சிறைத்தண்டனை பெற்ற இன்னொரு நடிகரின் வழக்கில், தொலைக்காட்சியைப் போட்டால் அந்த முகத்தைப் பார்க்க நேரும் பெண் ஒருவர் இருக்கிறார். அவருடைய வேதனையை முதலில் எண்ண வேண்டும். தக்கி கெடுத்துக்கொண்டது பெரும்பாலும் தம் உடலையும் தம் பெயரையும்தான். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தும் நிறுவனங்கள் நீதியை எண்ணிச் செயல்படவில்லை, விளம்பரதாரரின் முகச்சுளிப்புக்கு அஞ்சியே செயல்பட்டன என்பது என் உறுதியான கருத்து.

தக்கி 2021இல் மீண்டும் திரைப்படத்தில் தோன்றினார். 2024இல், போலி ஆவணங்களால் நிலத்தை விற்று ஏமாற்றும் கும்பலைப் பற்றிய நெட்ஃபிளிக்ஸ் தொடரில், எதிராளியின் சந்தேகத்தை மேற்கு ஜப்பானின் கன்சாய் வட்டார வழக்கில் உரக்கப் பேசி அடக்கிவிடும் மோசடிக்காரராக நடித்தார். அவர் அதில் பேசும் ஒரு வசனம் நாடெங்கும் பரவி, அந்த ஆண்டில் ஜப்பானில் புகழ்பெற்ற சொற்றொடர்களின் முதல் பத்தில் இடம்பிடித்தது. மக்கள் இனி இவரைச் சகிக்க மாட்டார்கள் என்று 2019இல் அந்த நிறுவனங்கள் எந்த மக்களைக் கேட்டு முடிவு செய்தன?