மன்னார்க் கடல்ல காஸ் எடுக்கிறதெண்டா முதல் சட்டத்தை எங்களுக்கும் காட்டுங்கோ

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கிற ஆக்கள் முழுசா வாசியுங்கோ, முக்கியமா மன்னார், முல்லைத்தீவுப் பக்கம் கடற்றொழில் சங்கங்களில இருக்கிற அண்ணாமார்.

மன்னார்க் கடலுக்கடியில காஸ் இருக்கு, அதை எடுத்தா நாட்டின்ர கடன் தீரும் எண்டு தேர்தலுக்குத் தேர்தல் ஆரோ வந்து சொல்லினம். காஸ் இருக்கிறது உண்மைதான். 2011ல கெயார்ன் கொம்பனி டொராடோ, பரகூடா எண்டு பேர் வைச்ச ரெண்டு கிணத்தில கண்டுபிடிச்சது, பிறகு உலகச் சந்தையில எண்ணெய் விலை விழ 2015ல விட்டிட்டுப் போட்டினம், அண்டையில இருந்து இண்டைக்கு வரைக்கும் கரைக்கு ஒண்டும் வரேல்ல. அதுக்கும் முதல் 1970களில சோவியத் ஆக்கள் வந்து பேசாலையில தோண்டிப் பாத்தவை, அங்கத்தைய வயசான ஆக்களைக் கேட்டா சொல்லுவினம்.

என்ர கவலை காஸ் வருமோ வராதோ எண்டதில்ல. வாற அண்டைக்கு இந்தக் கரையில இருக்கிற சனத்துக்கு என்ன உரிமை எண்டு ஒரு சட்டத்திலயும் எழுதாமலே வந்திடும் எண்டதுதான் என்ர கவலை.

சட்டமே இல்லையோ எண்டு கேட்டா, இருக்கு. 2003ம் ஆண்டு 26ம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டம் இருந்தது, அதை எடுத்துப்போட்டு 2021ல 21ம் இலக்கச் சட்டம் கொண்டு வந்தவை, அதுக்குக் கீழதான் பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை இருக்கு. ஆனா அந்தச் சட்டம் பாக்கிறது கடலுக்குள்ள தேடுறது, தோண்டுறது, எடுக்கிறதைத்தான். காஸ் கரைக்கு வந்த பிறகு என்ன? குழாய் ஆற்ர காணிக்குள்ளால போறது, ஒரு கொம்பனி போட்ட குழாயை இன்னொரு கொம்பனி பாவிக்கலாமோ, விலையை ஆர் தீர்மானிக்கிறது, குழாய் வெடிச்சா ஆர் பொறுப்பு? இதுக்கெல்லாம் முழுசா ஒரு சட்டம் வேணும். 2020ல இயற்கை வாயுவுக்கெண்டு தேசியக் கொள்கை ஒண்டு போட்டவைதான், ஆனா கொள்கையைக் கையில வைச்சுக்கொண்டு கோட்டுக்குப் போய் இது என்ர உரிமை எண்டு கேக்க ஏலாது.

சட்டம் பிந்தி ஒப்பந்தம் முந்தினா என்ன நடக்கும் எண்டதுக்குக் கொழும்புக்குக் கிட்ட கெரவலப்பிட்டியில இருக்கிற மின்நிலையங்களைப் பாருங்கோ. 2021ல அங்க காஸ் கொண்டு வந்து குடுக்கச் சொல்லி நியூ போர்ட்ரஸ் எண்ட அமெரிக்கக் கொம்பனியோட ஒப்பந்தம் போட்டினம், அந்த நேர அமைச்சர்மார் சிலரே எதிர்த்தினம், கதை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. காஸில ஓடவெண்டு கட்டின 350 மெகாவாட் சோபாதனவி மின்நிலையம், காஸ் இல்லாம டீசலிலதான் தொடங்கினது. அந்த டீசல் செலவை வவுனியாவில கரண்ட் பில் கட்டுற சனமும் சேந்துதான் சுமக்குது.

வீட்டு சிலிண்டர் கதையும் மறக்கேலாது. அதுக்குள்ள இருக்கிறது புரொப்பேனும் பியூட்டேனும், கடலுக்குள்ள இருக்கிறது மீத்தேன், ரெண்டும் வேற வேற சாமான். ஆனா 2021 கடைசியில நாடு முழுக்க அடுப்பும் சிலிண்டரும் வெடிச்சு, அந்தக் கலவை விகிதம் மாறினதுதான் முக்கிய காரணம் எண்டு விசாரிச்ச குழு சொன்னது. குசினிக்குள்ள வாற சிலிண்டரையே ஒழுங்காக் கண்காணிக்க ஆள் இல்லாத நாட்டில, ஆயிரம் மீற்றருக்கு மேல ஆழமான கடலில இருந்து குழாய் போட்டுக் கொண்டு வரப்போகினம், ஆர் செக் பண்ணப் போகினம் எண்டு கேக்கிறதில என்ன பிழை?

இதில எனக்கு ஆகப் பெரிய பிரச்சினையாத் தெரியிறது ஒண்டு இருக்கு. கடல் புளொக்குகளை, அதாவது காஸ் தேடப் பிரிச்சு வைச்ச கடல் துண்டுகளை, விளம்பரப்படுத்தி முதலீட்டாளரைக் கூப்பிடுறதும், அவையோட ஒப்பந்தம் போடுறதும், அவை செய்யிற வேலையைக் கண்காணிக்கிறதும் ஒரே அதிகாரசபை. உலகம் இதை உயிர் குடுத்துப் படிச்சிருக்கு. 1988ல வட கடல்ல பைப்பர் அல்பா எண்ட எண்ணெய் எடுக்கிற மேடை எரிஞ்சு 167 பேர் செத்தவை, 1990ல விசாரணை அறிக்கை வந்த பிறகு பிரித்தானியா கடல் மேடைகளின்ர பாதுகாப்பை எரிசக்தி அமைச்சிட்ட இருந்து பறிச்சு, வேலைத்தளப் பாதுகாப்பைப் பாக்கிற வேற நிறுவனத்திட்டக் குடுத்தது. 2010ல மெக்சிக்கோ வளைகுடாவில டீப்வோட்டர் ஹொரைசன் எண்ட எண்ணெய்க் கிணறு தோண்டுற மேடை வெடிச்ச பிறகு அமெரிக்காவும் அதைத்தான் செய்தது, லைசன்ஸ் குடுக்கிற ஆள், காசு வாங்கிற ஆள், பாதுகாப்புப் பாக்கிற ஆள் எண்டு மூண்டாப் பிரிச்சது. அந்தக் கிணறு கிட்டத்தட்ட 1500 மீற்றர் ஆழக் கடல்ல இருந்தது, எங்கட டொராடோ கிடக்கிறதும் 1300 மீற்றருக்கு மேல. உற்பத்தி தொடங்கினா வருமானம் வேணும் வேணும் எண்டு மேலிடத்தில இருந்து நெருக்கடி வரும், அப்ப ஒரு இன்ஸ்பெக்டர் வேலையை நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னா, அவருக்கு மேல இருக்கிறவர் முதலீட்டாளரைத் தேடிப் பிடிச்சுக் கொண்டு வந்த அதே ஆளா இருக்கக்கூடாது. ஆக்கள் நல்லவையோ கெட்டவையோ எண்டதில்ல, கதிரையை அப்பிடிப் போட்டா நல்ல ஆளுக்கும் நிப்பாட்டக் கஷ்டம்.

இனிக் காசு. இது வயல் வாரத்துக்குக் குடுக்கிற மாதிரித்தான், விதை, உரம், உழவுக் கூலி எல்லாம் கழிச்ச பிறகுதான் பங்கு பிரிக்கிறது. இந்த மாதிரிப் பங்கு ஒப்பந்தங்களில கொம்பனி தான் போட்ட செலவை முதல் எடுத்துக்கொள்ளும், மிச்சமா வாற லாபத்தைத்தான் அரசாங்கத்தோட பிரிக்கும். அப்ப உழவுக் கூலி எவ்வளவு எண்டு ஆர் கணக்குப் பாக்கிறது? செலவைக் கூட்டிக் காட்டினா எங்கட பங்கு குறையும், வருசங்கள் பிந்தும். ஒப்பந்தம் வெளியில இல்லாட்டி, செலவுக் கணக்கு ஓடிட் பண்ணி வெளியில வராட்டி, ஒருத்தருக்கும் கேள்வி கேக்க ஏலாது.

அந்தப் பங்கில வன்னிக்கு எவ்வளவு? நேராச் சொன்னா ஒண்டும் எழுதி வைக்கேல்ல. அரசியலமைப்பின்ர 13வது திருத்தத்தில மாகாணசபைப் பட்டியலில கனிய உரிமைகள் மேல வரி எண்டு ஒரு வசனம் கிடக்கு, ஆனா அதுவும் பாராளுமன்றம் போடுற எல்லைக்குள்ளதான், அதோட வட மாகாண சபையின்ர காலம் 2018 ஒக்ரோபரில முடிஞ்சு போச்சு, அதுக்குப் பிறகு தேர்தலே இல்ல. அப்ப எங்களுக்காகப் போய் மேசையில இருந்து கேக்கிறது ஆர்?

தான்சானியாவில ம்ற்வாரா எண்டு ஒரு கரையோரப் பிரதேசம். 2013ல அங்க எடுக்கிற காஸைக் குழாய் போட்டு தார் எஸ் சலாமுக்குக் கொண்டு போகப்போறம் எண்டு அரசாங்கம் சொல்ல, எங்களுக்கு என்ன மிச்சம் எண்டு கேட்டுச் சனம் றோட்டில இறங்கினது, ஆமி வந்தது, ஆக்கள் செத்தவை. பெற்றோலியச் சட்டம், வருமான முகாமைத்துவச் சட்டம், வெளிப்படைத்தன்மைச் சட்டம் எண்டு மூண்டையும் 2015லதான் கொண்டு வந்தவை. ஆமி வந்து நிக்கிறதெண்டா என்ன எண்டு எங்கட சனத்துக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. அதனாலதான் முதல் எழுதுங்கோ எண்டு சொல்லுறன்.

கடலுக்குப் போற ஆக்களின்ர கதை இன்னும் மோசம். கடலடிக்கு ஒலி அலை அனுப்பிக் காஸ் தேடுற கப்பல், பின்னால கிலோமீற்றர் கணக்கில வயர் இழுத்துக்கொண்டு போகும், அந்த நேரம் அந்தப் பக்கம் வலை போட ஏலாது. மேடை கட்டினா சுத்திவர 500 மீற்றர் பாதுகாப்பு வலயம் போடச் சர்வதேச கடல் சட்டம் இடம் குடுக்குது. இழக்கிற நாளுக்கு நட்டஈடு ஆர் குடுக்கிறது, எந்தக் கணக்கில? 2021ல எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிஞ்சதுக்கு உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் கட்டச் சொல்லித் தீர்ப்புக் குடுத்ததே 2025லதான். நாலு வருசம் ஒரு மீன்பிடிக் குடும்பம் என்னத்தைச் சாப்பிடுறது? கிணறு வேலை முடிஞ்சாப் பிறகு அதை அடைச்சு மேடையைக் கழட்டுற செலவுக்கும், கொம்பனி லாபம் எடுக்கத் தொடங்கிற நாளில இருந்தே காசை ஒரு தனி நிதியில கட்ட வேணும், கடைசியில கேட்டா கொம்பனியே இருக்காது.

மன்னாரில மின்சாரம் எடுக்கிற காத்தாடி விசயத்தில நடந்தது எல்லாருக்கும் தெரியும். 103.5 மெகாவாட் தம்பபவனி காத்தாடிப் பண்ணையைக் கட்டி முடிச்ச பிறகுதான் வெள்ளம் வடிஞ்சோடுற வழி, வலசைப் பறவை, கரைவலைப் பாடு எண்டு கதை பெருசா வந்தது, அடுத்த கட்டத்துக்கு 2025ல சனம் நாள்க்கணக்கா றோட்டில இருந்தது. ஒருக்கா ஒரு அபிவிருத்தித் திட்டக் கூட்டத்துக்கு நானும் போனன், தடிச்ச ரிப்போர்ட் ஒண்டை மேசையில வைச்சிருந்தவை, முழுக்க இங்கிலிஷ், பக்கத்தில இருந்த ஐயா கண்ணாடியைப் போட்டுப் படங்களை மட்டும் பாத்திட்டு வைச்சார், பிறகு அவரிட்டயும் வரவுக் கையெழுத்து வாங்கினவை. சனத்தோட கலந்தாலோசிச்சாச்சு எண்டு அந்தக் கையெழுத்தைத்தானே காட்டப் போகினம்!

நான் கேக்கிறது காஸை எடுக்காதேங்கோ எண்டில்ல. நுரைச்சோலையில நிலக்கரி எரிக்கிறதை விட இது புகை குறைவு, எங்கட பெடியளுக்கு வேலை வந்தா எனக்கும் சந்தோசம். வெல்டிங், டைவிங், கப்பல் மெக்கானிக் வேலையளுக்கு இப்பவே மன்னாரிலயும் வவுனியாவிலயும் பயிற்சி தொடங்கி, உள்ளூர் ஆக்களுக்கு இத்தினை வீதம் எண்டு சட்டத்திலயே போடுங்கோ. பாதுகாப்பைப் பாக்கிற ஆணையத்தைத் தனிய வையுங்கோ, ஒப்பந்தத்தை மூண்டு மொழியிலயும் போடுங்கோ, கரையோர மாவட்டப் பங்கை நிதி அமைச்சின்ர தயவில விடாமச் சட்டத்தில எழுதுங்கோ.

இப்ப எங்களால செய்யக்கூடியது ஒண்டு இருக்கு. 2016ம் ஆண்டு 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கீழ, மாதிரி ஒப்பந்தம், சூழல் அறிக்கை, புளொக் வரைபடம் எல்லாம் கேட்டு எழுதலாம். தமிழ்லயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்ல. வர்த்தக இரகசியம் எண்டு மறுத்தா, பொதுநலன் பெரிசு எண்டு மேன்முறையீடு செய்ய அதே சட்டத்தில வழி இருக்கு. சங்கத்தின்ர பேரில போட விருப்பமான ஆக்கள் கீழ சொல்லுங்கோ, விண்ணப்பத்தை நான் இருந்து எழுதித் தாறன், முசலி, நானாட்டான், மாந்தைப் பக்கமெண்டா நேர வந்தும் கதைக்கலாம்.