ஜாடியையும் பன்றியையும் அட்டவணையில் தொலைத்துவிட வேண்டாம்

மிச்சிகன், மினசோட்டா பல்கலைக்கழக அணிகள் ஆண்டுதோறும் மோதியே ஆக வேண்டும் என்று நான் சொல்லும்போது, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பின்தொடரும் நண்பர்களில் பாதிப் பேர் ஆமோதிக்கிறார்கள். மீதிப் பேர், மிச்சிகனுக்கு ஒஹாயோ ஸ்டேட் இருக்கிறது, மினசோட்டாவுக்கு விஸ்கான்சின் இருக்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்த அணிகள் எல்லாம் ஆடும், 2024-இல் 18 அணிகளாக விரிந்த பிக் டென் கூட்டமைப்பும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் போட்டது. ஆண்டு தவறாமல் நடந்தே தீர வேண்டிய மோதல்கள் என்று 12 ஆட்டங்களைப் பாதுகாத்துவிட்டு, மற்ற அணிகள் ஐந்தாண்டுகளில் குறைந்தது இரண்டு முறை சந்தித்தால் போதும் என்று வைத்துவிட்டது. அந்த 12-இல் மிச்சிகன்–மினசோட்டா ஆட்டம் இல்லை. அதாவது, இந்த விளையாட்டின் முதல்நிலைப் பிரிவில் மிகப் பழைய கோப்பை என்று கருதப்படும், இந்த இரு அணிகளும் ஆடி வெல்லும் லிட்டில் பிரவுன் ஜக் என்ற ஜாடி, எதிரணி வந்து கேட்காத ஆண்டுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். இது தவறு என்பது என் உறுதியான கருத்து. அந்த ஜாடி எப்படிக் கோப்பையானது என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கோபம் புரியும்.

1903 அக்டோபர் 31. ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்சி அளித்த மிச்சிகன் அணி, 28 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற பிறகு மினசோட்டாவின் ஊரான மினியாபொலிஸ் நகருக்கு வந்தது. ஆட்டக்காரர்களின் குடிநீருக்காக அணியின் மாணவ மேலாளர் உள்ளூர்க் கடை ஒன்றில் 30 சென்ட் கொடுத்து ஐந்து காலன் ஜாடி ஒன்றை வாங்கினார். மினசோட்டா ரசிகர்கள் தண்ணீரில் ஏதாவது கலந்துவிடுவார்கள் என்று யோஸ்ட் பயந்ததாக ஒரு கதையும் உண்டு. கடைசிக் கட்டத்தில் மினசோட்டா 6–6 என்று சமன் செய்ததும் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டது. ஆட்டத்தை முடிக்கவே முடியவில்லை. அந்தக் களேபரத்தில் மிச்சிகன் விட்டுச்சென்ற ஜாடியை, மினசோட்டாவின் ஆட்டச் சாமான்களைப் பராமரித்த ஆஸ்கர் மன்சன் எடுத்துவைத்தார். அதன்மேல், இது மிச்சிகன் ஜாடி, ஆஸ்கர் கைப்பற்றியது என்று எழுதிவைத்தார்கள். கீழே ஆட்டத்தின் முடிவையும் எழுதினார்கள். ஆறுக்கு ஆறு என்று முடிந்த ஆட்டத்தில், மினசோட்டாவின் ஆறைப் பெரிதாகவும் மிச்சிகனின் ஆறைச் சிறிதாகவும் எழுதினார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு தூரிகையும் கொஞ்சம் சாயமும் கொண்டு செய்த கிண்டல் அது. 120 ஆண்டுகளுக்குப் பிறகும் படிப்பவரைச் சிரிக்கவைக்கிறது. வேண்டுமானால் வந்து ஜெயித்துக் கொண்டுபோங்கள் என்று மிச்சிகனுக்குப் பதில் போனதாகச் சொல்வார்கள். மிச்சிகன் 1909-இல் வந்தது, ஜெயித்தது, கொண்டுபோனது.

இத்தகைய கோப்பைகளை எந்த நிர்வாகக் குழுவும் கூடித் தீர்மானித்து உருவாக்கவில்லை. சண்டையில் சிந்திய பொருளை யாரோ ஒருவர் பொறுக்கி எடுத்துவைத்தார், எதிராளியைச் சீண்ட அது வசதியாக இருந்தது, அதனால் நிலைத்தது. ரசிகர்களின் வாய்ச்சண்டைக்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒரு சான்று தேவைப்படுகிறது. வெறும் வாய்ப்பேச்சில் தோற்றவனும் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். ஜாடி எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டால் பேச்சு நின்றுவிடும். மினசோட்டா 1986-க்குப் பிறகு 2005 வரை காத்திருந்து, மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் கடைசி நொடியில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அடித்த ஃபீல்டு கோலால் 23–20 என்று வென்றபோது, தேசியப் பட்டியலில் அந்த வெற்றிக்குப் பெரிய இடம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஜாடி ஊர் திரும்பியது. மினசோட்டாக்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஐயோவாவும் மினசோட்டாவும் ஆடும் வெண்கலப் பன்றியின் கதை இன்னும் ஆழமானது. அதைச் சிரிப்புக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்மீது எனக்கு வருத்தம் உண்டு. 1934 ஆட்டத்தில் ஐயோவாவின் கறுப்பின ஆட்டக்காரர் ஆஸி சிம்மன்ஸை மினசோட்டா ஆட்டக்காரர்கள் கடுமையாகத் தாக்கி ஆடினார்கள். அவர் ஆட்டத்தைத் தொடர முடியாமல் வெளியேற நேர்ந்தது. கறுப்பின ஆட்டக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த காலம் அது. ஐயோவா மக்கள் அதை மறக்கவில்லை. அடுத்த ஆண்டு மினசோட்டா ஐயோவா சிட்டிக்கு வரவிருந்தபோது, நடுவர்கள் முரட்டு ஆட்டத்தைப் பொறுத்துக்கொண்டாலும் கூட்டம் பொறுத்துக்கொள்ளாது என்ற பொருள்பட ஐயோவா ஆளுநர் கிளைட் ஹெர்ரிங் பேசினார். ஓர் ஆளுநரின் வாயிலிருந்து வந்த இந்தப் பேச்சு மைதானத்தில் என்னவாக முடிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மினசோட்டா ஆளுநர் ஃபிளாய்ட் ஓல்சன் ஒரு தந்தி அடித்தார்: உங்கள் அணி வெல்லும் என்று நினைத்தால், பரிசு பெறத்தக்க ஒரு பன்றியைப் பந்தயம் கட்டத் தயாரா என்பது அதன் சாரம். ஹெர்ரிங் ஒப்புக்கொண்டார். பேச்சு முழுவதும் பன்றியின் பக்கம் திரும்பியது. ஆட்டம் அமைதியாக நடந்தது. மினசோட்டா 13–6 என்று வென்றது.

ஹெர்ரிங் வாக்குத் தவறவில்லை. ஐயோவாவின் ரோஸ்டேல் பண்ணையிலிருந்து ஒரு பன்றியைக் கொண்டுவந்து, ஓல்சனின் அலுவலகத்துக்குள்ளேயே நடத்திக்கொண்டு போனார். ஆளுநரின் பெயரும் பண்ணையின் பெயரும் சேர்ந்து அது ஃபிளாய்ட் ஆஃப் ரோஸ்டேல் ஆனது. ஓல்சன் அந்தப் பன்றியைக் கட்டுரைப் போட்டி ஒன்றில் வென்ற சிறுவனுக்குக் கொடுத்துவிட்டு, செயின்ட் பால் நகரச் சிற்பி சார்ல்ஸ் பிரியோஸ்கியைக் கொண்டு வெண்கலத்தில் ஒன்று செய்யவைத்தார். 21 அங்குல நீளம், 15 அங்குல உயரம், 98 பவுண்டுக்குக் கொஞ்சம் கூடுதலான எடை. வென்ற அணி அதைத் தூக்கும்போது கவனித்துப் பாருங்கள்: இருவர் மூவர் சேர்ந்து பிடித்தாலும் முகம் சிவந்துவிடும். சிம்மன்ஸுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு அந்தப் பன்றி ஈடாகிவிடாது. அந்த ஆட்டத்தைப் பற்றிய நினைவு அந்த வெண்கலத்தோடு சேர்ந்தே கைமாற வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் கொதித்துக்கொண்டிருந்த ஒரு பகையை, கிண்டலுக்குள் அடக்கி ஆண்டுதோறும் ஆடித் தீர்க்கும் கணக்காக மாற்றியது ஓல்சனின் அந்த ஒரு தந்திதான். அரசியல் வாழ்வில் இருப்பவர்களின் நகைச்சுவை உணர்வு ஊருக்கு எவ்வளவு பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நான் வேலை செய்யும் இடத்தில் ஐயோவா, மினசோட்டா இரண்டு மாநிலங்களிலும் படித்தவர்கள் உண்டு. ஆட்டம் முடிந்த திங்கட்கிழமை காலை, தோற்ற பல்கலைக்கழகத்தில் படித்தவரின் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பன்றிப் பொம்மை உட்கார்ந்திருக்கும். அடுத்த ஆட்டம் வரை அதை நகர்த்தக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம். 2023-இல் ஐயோவா சிட்டியில் கடைசி நிமிடங்களில் ஐயோவாவின் கூப்பர் டிஜீன் பந்தைப் பிடித்து ஓடிக் கோல் கோட்டைத் தொட்டதும் ஐயோவாக்காரர்கள் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். அவர் கையை அசைத்தது முறையற்ற ஃபேர் கேட்ச் சைகை (பந்தைப் பிடித்த பிறகு ஓடமாட்டேன் என்று காட்டும் சைகை) என்று நடுவர்கள் அந்தப் புள்ளிகளை ரத்து செய்ய, மினசோட்டா 12–10 என்று வென்றது. 1999-க்குப் பிறகு அந்த ஊரில் கிடைத்த முதல் வெற்றி அது. அந்தக் கை அசைவைப் பற்றிய வாக்குவாதம் எங்கள் அலுவலகத்தில் இன்றைக்கும் முடிந்தபாடில்லை. வேறு எந்த விஷயத்திலும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வாய்ப்பே இல்லாதவர்கள் இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். இந்தப் பேச்சைத்தான் நான் காப்பாற்றச் சொல்கிறேன்.

மினசோட்டாவும் விஸ்கான்சினும் 1930-இல் ஒரு கறுப்பு வால்நட் மரப் பலகையை வைத்து ஆடத் தொடங்கின. அதன் பெயர் ஸ்லாப் ஆஃப் பேக்கன். நடுவில் இருக்கும் எழுத்து, ஒரு பக்கம் தூக்கினால் மினசோட்டாவின் எம், தலைகீழாகத் தூக்கினால் விஸ்கான்சினின் டபிள்யூ. நாற்பதுகளில் அது காணாமல் போனது. அதன் இடத்துக்கு 1948-இல், அமெரிக்க நாட்டுப்புறக் கதைகளில் வரும் மரவெட்டியின் பெயரால், பால் பன்யன் கோடரி வந்தது. 1994-இல் விஸ்கான்சின் மைதானத்தின் சாமான் அறையைச் சுத்தம் செய்தபோது பலகை அகப்பட்டது. அதில் 1970 வரையிலான ஆட்டங்களின் முடிவுகள் எழுதப்பட்டிருந்தன! காணாமல் போனதாகச் சொன்ன பொருளில் யாரோ ஒருவர் பல ஆண்டுகள் விடாமல் கணக்கு எழுதிவந்திருக்கிறார். அந்தக் கை யாருடையதாக இருந்தாலும், அதற்கு நான் மரியாதை செய்கிறேன். கோடரியின் ஆறடிக் கைப்பிடியிலும் முடிவுகளை அப்படித்தான் எழுதுகிறார்கள். முதல் கோடரியில் இடம் தீர்ந்துபோய் இரண்டாவது செய்ய வேண்டியதாயிற்று. 2004 முதல் 2017 வரை விஸ்கான்சின் விடாமல் 14 முறை வென்றது. 2018-இல் மினசோட்டா 37–15 என்று வென்று, எதிரணியின் பக்கத்துக்கே ஓடிக் கோடரியைத் தூக்கி வந்தபோது அந்த இளைஞர்களின் முகத்தில் தெரிந்ததை எந்தத் தேசியப் பட்டமும் கொடுத்துவிட முடியாது.

எழுதிய கணக்கையே ஏற்க மறுப்பவர்களும் உண்டு. அதிலும் ஓர் அழகு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஒரு கோடரிக்காக ஆடுகின்றன. 1899-இல் பெர்க்லி மாணவர்கள் அதை ஸ்டான்ஃபோர்டிடமிருந்து பறித்துக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் ஓடி, கைப்பிடியை அறுத்து எறிந்துவிட்டு, தலையை மட்டும் ஒளித்துப் படகேறினார்கள். 31 ஆண்டுகள் கழித்து ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 21 பேர் திட்டமிட்டு அதைத் திருப்பித் தூக்கி வந்தார்கள். 1933-இல்தான் இரு தரப்பும் சமாதானமாகி, ஆண்டு ஆட்டத்தில் வெல்பவருக்கு என்று வைத்தன. 1982 ஆட்டத்தின் கடைசி நான்கு நொடிகளில், ஸ்டான்ஃபோர்டின் இசைக்குழு ஆட்டம் முடிந்துவிட்டது என்று மைதானத்துக்குள் நுழைந்துவிட, பெர்க்லிக்காரர்கள் பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி இசைக்குழுவுக்குள்ளேயே ஓடி 25–20 என்று வென்றார்கள். கோடரியின் பலகையில் அந்த முடிவு பொறிக்கப்பட்டிருக்கிறது. கோடரி ஸ்டான்ஃபோர்டின் கைக்கு வரும்போதெல்லாம் அது 20–19, ஸ்டான்ஃபோர்டுக்கு வெற்றி என்று மாறும்; பெர்க்லிக்குப் போனதும் பழையபடி திரும்பும். இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு முடிவுகளை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வம்பு வளர்ப்பதைப் பார்க்க எனக்கு மனம் நிறைகிறது.

இத்தகைய கோப்பையை அலுவலகத்தில் உட்கார்ந்து உருவாக்க முயன்றவர்கள் தோற்றதும் பதிவாகியிருக்கிறது. 2011-இல் ஐயோவா–ஐயோவா ஸ்டேட் ஆட்டத்துக்காக, சோளக் கூடையைச் சுற்றி ஒரு விவசாயக் குடும்பம் இருப்பது போன்ற புதிய கோப்பையை விளம்பரதாரர் வெளியிட்டார். அதே மாநில மக்கள் அதைக் கேலி செய்தே சில நாட்களில் திரும்பப் பெறவைத்தார்கள். 2015-இல் கனெக்டிகட் பயிற்சியாளர் பாப் டியாகோ, சென்ட்ரல் ஃபுளோரிடாவைக் கேட்காமலேயே அவர்களோடு பகை அறிவித்து ஒரு கோப்பையும் செய்தார். அடுத்த ஆண்டு சென்ட்ரல் ஃபுளோரிடா வென்றது. கோப்பையை எடுக்காமலேயே ஊருக்குப் போய்விட்டது. மறுபக்கம், 2014-இல் மினசோட்டாவின் அணிச்சின்னக் கணக்கும், நெப்ராஸ்கா பயிற்சியாளரைப் போலப் பேசிய ஒரு நையாண்டிக் கணக்கும் ட்விட்டரில் வாயாடியதில், உடைந்த நாற்காலித் துண்டுகளும் ஐந்து டாலரும் சேர்ந்த ஒரு கோப்பை பிறந்தது. பல்கலைக்கழக நிர்வாகங்கள் அதைத் தமது சின்னமாக அறிவிக்கவே இல்லை. அசல் காணாமலே போய்விட்டது. ரசிகர்கள் இன்னொன்று செய்து, நோயுற்ற குழந்தைகளுக்காக நிதி திரட்ட அதைப் பயன்படுத்துகிறார்கள்.

சீண்டல் எல்லை மீறும் என்பவர்களின் கவலையை நான் ஒதுக்கவில்லை. 1926-இல் மிசிசிப்பி மாநிலத்தின் இரு கல்லூரி அணிகள் மோதிய ஆட்டத்தில், ஸ்டார்க்வில்லில் தோற்றவர்கள், கோல் கம்பங்களைச் சாய்க்க வந்தவர்களை நாற்காலிகளால் அடித்தார்கள். அந்த வெட்கத்தில்தான் அடுத்த ஆண்டு கோல்டன் எக் கோப்பையே உருவானது. 2010-இல் அலபாமா ஆபர்னிடம் 28–27 என்று தோற்ற பிறகு, ஓர் அலபாமா ரசிகர் ஆபர்னின் டூமர்ஸ் முனையில் இருந்த பழைய ஓக் மரங்களுக்கு நஞ்சு வைத்தார். 2013-இல் அவற்றை வெட்ட வேண்டியதாயிற்று. அது குற்றம், சட்டப்படி தண்டனையும் கிடைத்தது. ஆனால் அந்த மரங்களைக் காப்பாற்றுவதற்காக நிதி திரட்டியவர்களில் அலபாமா ரசிகர்களும் இருந்தார்கள். எதிராளியைக் கேலி செய்தே பழகியவர்களுக்குத்தான் எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. அந்த இரு பல்கலைக்கழகங்களிலும், தோற்ற தரப்பின் மாணவர் தலைவர் பிறகு நடக்கும் கூடைப்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் வென்ற தரப்பின் பாட்டைப் பாட வேண்டும் என்ற வழக்கம் உண்டு. அதுவும் கிண்டல்தான், யாருக்கும் காயமில்லை.

என்னைக் கவலைகொள்ளவைப்பது வெறுப்பைவிட, சந்திப்பே இல்லாமல் போவதுதான். தொலைக்காட்சிப் பணத்துக்காக அணிகள் கூட்டமைப்பு மாறும்போது முதலில் அறுபடுவது பக்கத்து ஊர்க்காரனோடு உள்ள ஆட்டம். டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 2011-க்குப் பிறகு 2024 வரை மோதவில்லை. அந்த இடைவெளியிலும் ஏ அண்ட் எம் மாணவர்கள் டெக்சஸின் சின்னமான நீள்கொம்பு மாட்டின் கொம்புகளை அறுப்பதாகப் பாடிக்கொண்டே இருந்தார்கள், கேட்க வேண்டியவர்கள் எதிரில் இல்லாமல். ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் 1910 முதல் ஆண்டு தவறாமல் ஆடிவந்தது 2023-இல் நின்றது.

பிக் டென் நிர்வாகிகள் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. பாதுகாக்கப்பட்ட ஆட்டங்களின் பட்டியலில் 13-ஆவதாக மிச்சிகன்–மினசோட்டாவைச் சேர்த்து எழுத வேண்டும். 2024-இல் ஆன் ஆர்பரில் மிச்சிகன் 24–3 என்று முன்னிலையில் இருந்து, கடைசியில் 27–24 என்றுதான் தப்பித்தது. அப்படித் தப்பித்தவர்கள் அடுத்த ஆண்டே மினியாபொலிஸ் வந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். மினசோட்டா ரசிகர்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுங்கள். மிச்சிகன்காரர்களும் அதைத்தான் விரும்புவார்கள்.