கிட்டார் இல்லாத பேண்டும் பேண்டுதான்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருக்கிறார்கள். இவன் கீபோர்டு, ஒருவன் டிரம்ஸ், இன்னொருவன் ஆல்டோ சாக்ஸபோன், பாடுவதற்கு ஒரு பெண். வேறொரு கல்லூரியின் விழாப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போயிருக்கிறார்கள். படிவத்தை வாங்கிப் பார்த்தவர், "கிட்டார் வாசிப்பது யார்?" என்று கேட்டிருக்கிறார். யாரும் இல்லை என்றதும், "அப்படியானால் இது பேண்டு இல்லை, மெல்லிசைப் பிரிவில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

அதைச் சொன்னபோதுகூட எனக்குப் பெரிதாகக் கோபம் வரவில்லை. அடுத்து அவன் கேட்டதுதான் சுட்டது. "மாமா, யாராவது ஒருவனைக் கிட்டாரோடு மேடையில் நிற்க வைத்துவிடலாமா? வாசிக்கக்கூட வேண்டாம், சும்மா நின்றால் போதும்." பத்தொன்பது வயதுப் பையன், தன் இசையில் எந்தக் குறையும் இல்லாதபோது, பார்க்கிறவர்களுக்காக ஒரு கிட்டாரை மேடையில் நிறுத்தலாமா என்று யோசிக்கிறான். அந்த யோசனையை அவன் தலையில் போட்டது எது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கிட்டாருக்கு எதிரி இல்லை. என் அறையில் ஒரு கிட்டார் இருக்கிறது, பெரும்பாலான இரவுகளில் தூங்கப் போகும் முன் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். அதன் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் பேண்டு என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். மாப்பிள்ளை அழைப்புக்கும் சாமி ஊர்வலத்துக்கும் வருகிற பேண்டு வாத்தியக்காரர்கள். சிவப்புச் சட்டை, தோளில் சரிகை, கிளாரினெட், டிரம்பெட், வயிற்றில் கட்டிய பெரிய டிரம். அவர்கள் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் இருக்கிற எங்களுக்கு நெஞ்சு அதிரும். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்காது. அதனால் அங்கே கிட்டாருக்கு இடமே இல்லை, அது இல்லையே என்று யாரும் ஏங்கியதும் இல்லை.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் இதே மாதிரி ஊர்வல பேண்டுகள் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. கல்லறைக்குப் போகும்போது துக்கமாக வாசித்து, திரும்பும்போது ஆட்டம் போட வைக்கிற பேண்டுகள். டர்ட்டி டசன் பிராஸ் பேண்டு 1977இல் தொடங்கியது, ரிபர்த் பிராஸ் பேண்டு 1983இல். இரண்டிலும் அடித்தளம் சூசபோன்தான். உடம்பைச் சுற்றி மலைப்பாம்பு போலக் கிடக்கும் அந்தப் பித்தளைக் குழாயில் ஒரு மனிதன் மூச்சை ஊதி, மற்ற பேண்டுகளில் கீழ்ச்சுரங்களைத் தாங்கும் பாஸ் கிட்டார் பார்க்கிற வேலையைப் பார்க்கிறான். மணிக்கணக்கில், நடந்துகொண்டே. டர்ட்டி டசன் அந்த ஊர்வல இசைக்குள் ஃபங்க் என்ற ஆட்ட இசையையும் பீபாப் என்ற வேகமான ஜாஸையும் கொண்டுவந்து கலந்தது. ரிபர்த் 2012இல் கிராமி விருதே வாங்கியது. ரிபர்த்காரர்களிடம் போய்க் "கிட்டார் யார் வாசிப்பது" என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியென்றால் கிட்டார் எப்போது நடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தது? 1930களில் அமெரிக்க நடனக்கூடங்களில் வாசித்தவை பெரிய குழுக்கள், பதினைந்து பேர் வரைகூட இருப்பார்கள். டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் வரிசைகளுக்கு நடுவே கிட்டார்க்காரர் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருப்பார். அவர் வாசிப்பது பெரும்பாலும் அவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் மின் கிட்டார் விற்பனைக்கு வந்தது. 1939இல் சார்லி கிறிஸ்டியன் என்ற கிட்டார்க்காரர் ஜாஸ் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேனின் குழுவில் சேர்ந்து, கிட்டாரும் சாக்ஸபோனைப் போலத் தனித்து நின்று பேசும் என்று காட்டினார். 1950இல் ஃபெண்டர் நிறுவனத்தின், உள்ளே குடைவில்லாத கட்டை உடல் மின் கிட்டார் வந்தது. அடுத்த ஆண்டே அவர்களுடைய பாஸ் கிட்டாரும் வந்தது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் டபுள் பாஸை வண்டியின் தலையில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன தொல்லை ஒழிந்தது.

அதற்குப் பிறகு நான்கு பேர் ஒரு வேனில் ஏறி வந்து ஒரு கூடத்தையே நிறைத்துவிட முடிந்தது. பதினைந்து பேருக்குப் பிரிய வேண்டிய கூலி நான்காகப் பிரிந்தது. பியானோவைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, கூடத்தில் இருக்கிற பியானோவின் சுருதியை நம்பவும் முடியாது. கிட்டாரை முதுகில் மாட்டிக்கொள்ளலாம், நின்றுகொண்டு பாடலாம், ஆடலாம். இவையெல்லாம் நல்ல காரணங்கள். ஆனால் இவை கூலி, வண்டி, மேடை பற்றிய காரணங்கள். கைக்கு வசதி என்று வந்த ஒன்று, இரண்டு தலைமுறைக்குள் சட்டமாகிவிட்டது. நம் ஊர்க் கல்லூரிப் படிவம் வரைக்கும் வந்துவிட்டது.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்று உண்டு. ராக் அண்ட் ரோலின் முதல் பெரிய பதிவுகள் சிலவற்றிலேயே கிட்டார் முன்னால் இல்லை. 1955இல் பாடகர் லிட்டில் ரிச்சர்டு நியூ ஆர்லியன்ஸில் கோசிமோ மடாசாவின் சிறிய ஸ்டுடியோவில் பதிவு செய்தபோது, அந்த இசையைத் தூக்கி எறிந்து பிடித்தவை பியானோவும் சாக்ஸபோன்களும் ஏர்ல் பாமரின் டிரம்ஸும். கிட்டார் ஓரமாக இருந்தது. தலைப்பிள்ளையே இப்படி இருக்கும்போது, பின்னால் வந்தவன் தனக்கே சொந்தம் என்று எப்படி உரிமை கொண்டாட முடியும்?

இனி என் மனதுக்கு மிக நெருக்கமான பேண்டுக்கு வருகிறேன். மார்ஃபின். 1989இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள கேம்பிரிட்ஜில் தொடங்கியது. மூன்றே பேர். மார்க் சாண்ட்மன் பாஸ் வாசித்துப் பாடுவார். டானா காலி, அடிக்குரலில் ஒலிக்கும் பாரிடோன் சாக்ஸபோன். டிரம்ஸில் முதலில் ஜெரோம் டூப்ரீ, பிறகு பில்லி கான்வே. சாண்ட்மனின் பாஸில் இரண்டே தந்திகள். அவற்றின் மேல் ஒரு சிறிய குழாயை வைத்து வழுக்கி வழுக்கி வாசிப்பார். கோட்டுவாத்தியத்தில் கட்டையை நகர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படி ஏறிப் போகாமல் சரிந்து போவது. டானா காலி சில சமயம் இரண்டு சாக்ஸபோன்களை ஒரே வாயில் வைத்து ஊதுவார். தங்கள் இசைக்கு அவர்களே வைத்த பெயர் 'லோ ராக்'. நம் மொழியில் சொன்னால் மந்தர ஸ்தாயி ராக், கீழ்க்குரல் ராக்.

1993இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தை முதன்முதலில் நான் கேட்டது ஒரு மழை இரவில், மின்சாரம் போன நேரத்தில், ஒரு பழைய வாக்மேனில். ஏதோ ஒன்று இல்லை என்று தோன்றியது, ஆனால் குறையாகத் தோன்றவில்லை. எது இல்லை என்று கண்டுபிடிக்கவே மூன்று பாடல்கள் ஆயின. (ஓரிரு இடத்தில் கிட்டாரும் மாண்டலினும் எட்டிப் பார்க்கும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வீடு அவற்றின் மேல் கட்டப்படவில்லை.)

அவர்கள் செய்தது என்ன என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். ஒரு சாதாரண ராக் பாடலில் பாஸும் டிரம்ஸும் கீழ்த்தளத்தில் இருக்கும், பாடகரின் குரல் மேலே இருக்கும், நடுவில் இருக்கிற முழு இடத்தையும் கிட்டார் அடைத்துக்கொள்ளும். மார்ஃபினில் கிட்டார் போனதும் அந்த நடு இடத்தில் பாரிடோன் சாக்ஸபோன் வந்து உட்காரவில்லை. அதுவும் கீழே இறங்கிவிட்டது. சாண்ட்மனின் குரலும் அடிக்குரல். எல்லோரும் கீழ்த்தளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு மேல்மாடியைக் காலியாக விட்டுவிட்டார்கள். அந்தக் காலியிடம்தான் அவர்கள் இசையில் இரவாகக் கேட்கிறது. வெறும் பறவைச் சத்தம் மாதிரி ஒரு சிம்பல் அங்கே ஒலித்தால்கூட உடம்பு சிலிர்க்கிறது. கிட்டார் ஒன்று இருந்திருந்தால் அந்த இரவில் யாரோ குழல்விளக்கைப் போட்ட மாதிரி ஆகியிருக்கும்.

சாண்ட்மன் 1999 ஜூலை 3ஆம் தேதி இத்தாலியில், ரோமுக்கு அருகில் பாலஸ்திரினா என்ற ஊரில், மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்துபோனார். நாற்பத்தாறு வயது. அந்த இரண்டு தந்தி பாஸோடு போன அந்த ஒலியை இன்றுவரை வேறு எந்த பேண்டிலும் நான் கேட்கவில்லை.

இங்கிலாந்தின் கீன் பேண்டு இதற்கு நேர்மாறு. அவர்களிடம் முதலில் கிட்டார்க்காரர் இருந்தார், 2001இல் விலகிப் போனார். புது ஆளைத் தேடிச் சேர்ப்பதற்குப் பதிலாக, டிம் ரைஸ்-ஆக்ஸ்லி தன் மின் பியானோவை, கிட்டார்க்காரர்கள் பயன்படுத்துகிற ஒலி மாற்றிகள் வழியாக அனுப்பி, நடு இடம் முழுவதையும் பியானோவால் நிரப்பினார். 2004இல் வந்த முதல் ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது, சற்று இனிப்பு அதிகம். ஆனால் கிட்டார் இல்லாததால் அந்த இனிப்பு வரவில்லை.

ஜெர்மனியின் டுசல்டார்ஃபிலிருந்து வந்த கிராஃப்ட்வெர்க் பேண்டைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அவர்களுடைய 1974 ஆல்பத்தில்கூடப் புல்லாங்குழலும் கொஞ்சம் கிட்டாரும் உண்டு. அடுத்த ஆண்டிலிருந்து முழுவதும் மின்னணுக் கருவிகள். நான்கு பேர் ஆடாமல் அசையாமல் வரிசையாக நின்று வாசித்தார்கள். ஓர் ஐரோப்பிய ரயிலைப் பற்றி 1977இல் அவர்கள் போட்ட மெட்டு, 1982இல் நியூயார்க்கில் ஒரு ஹிப்ஹாப் பதிவுக்குள் புகுந்து, அங்கிருந்து ஊர் உலகமெல்லாம் ஆட வைத்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் டெக்னோ என்ற மின்னணு ஆட்ட இசையை உருவாக்கிய இளைஞர்கள் கேட்டு வளர்ந்ததும் இவர்களைத்தான். கிட்டார் பேண்டுகளில் எத்தனை இவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கின்றன?

கிட்டார் இல்லை என்பதாலேயே ஒரு பேண்டு நன்றாக இருந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஃபின்லாந்தின் அப்போகாலிப்டிகா ஹெல்சின்கியில் வயலின் இனத்துப் பெரிய கருவியான செல்லோ படித்த நான்கு மாணவர்கள் 1993இல் தொடங்கிய குழு. 1996இல் வந்த முதல் ஆல்பத்தில் மெட்டாலிகா என்ற கனத்த கிட்டார் பேண்டின் பாடல்களை நான்கு செல்லோக்களில் மட்டும் வாசித்தார்கள். அதில் வில் தந்தியை உரசுகிற மரச் சத்தம் கேட்கும், அந்தப் பாடல்களுக்குள் இவ்வளவு துக்கம் இருந்ததா என்று திகைப்பாக இருக்கும். பின்னாளில் டிரம்ஸ் சேர்த்து, செல்லோவின் ஒலியையும் முறுக்கி, கனத்த கிட்டாரைப் போலவே ஒலிக்கச் செய்தார்கள். எனக்கு அங்கேதான் ஆர்வம் போய்விட்டது. கிட்டாராக வேடம் போடுவதற்கு ஒரு செல்லோ எதற்கு? அக்கா மகன் யாரையோ கிட்டாரோடு நிற்க வைக்கலாமா என்று கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்ததும் இதுதான்.

கிட்டாரின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். கிட்டாரில் தந்தியை விரலால் இழுத்து ஒரு சுரத்தை அழ வைக்கலாம். பியானோவுக்கு அது வராது. கட்டையைத் தட்டினால் அந்தச் சுரம் மட்டும்தான், முன்னும் பின்னும் நகராது. கமகத்தில் வளர்ந்த நம் காதுக்கு அந்த இழுப்பு எவ்வளவு முக்கியம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கிட்டாரைக் கீழே வைக்கிற பேண்டு எதையோ இழக்கத்தான் செய்கிறது.

ஆனால் இதே காரணத்தைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தைத் தடை செய்தது. கமகம் வராத கருவி இந்திய இசைக்கு ஆகாது என்றார்கள். சுமார் முப்பது ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. அந்த முப்பது ஆண்டுகளும் மதுரைப் பக்கத்து நாடக மேடைகளில் ஹார்மோனியம் விடிய விடியப் பாடிக்கொண்டுதான் இருந்தது. வள்ளி திருமணத்தில் முருகனும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போது, அவர்கள் பாட்டுக்கு முன்னால் ஓடி வழி காட்டிய கருவி அது. திடலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் இது இசை இல்லை என்று எழுந்து போகவில்லை. கமகம் வராத இடத்தில் குரல் கமகத்தைப் பார்த்துக்கொண்டது. கருவிக்கு வராததை வேறு யாராவது எடுத்துச் செய்வார்கள், குழு என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தானே?

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு பேரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். வாசித்துக் காட்டினார்கள். பிரச்சினை இருந்தது. ஆனால் அது கிட்டார் இல்லாத பிரச்சினை இல்லை. அந்தப் பெண்ணின் குரலும் ஆல்டோ சாக்ஸபோனும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்று முட்டிக்கொண்டிருந்தன. அக்கா மகனோ, கிட்டார் இல்லாத குறையை நிரப்ப வேண்டும் என்ற பதற்றத்தில் இரண்டு கைகளாலும் ஓயாமல் வாசித்துக்கொண்டிருந்தான். அமெரிக்காவின் தி டோர்ஸ் பேண்டில் பாஸ் கிட்டார்க்காரர் இல்லாமலே மேடைக் கச்சேரிகள் நடந்ததையும், அதன் கீபோர்டு கலைஞர் ரே மன்சாரெக் இடது கையால் ஒரு சிறிய பியானோ பாஸையும் வலது கையால் ஆர்கனையும் வாசித்ததையும் சொன்னேன். பாடல் வரும் இடத்தில் வலது கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். சாக்ஸபோன் பையனிடம் அவள் பாடி முடிக்கும் வரை காத்திருந்து, அவள் விட்ட இடத்தில் தொடங்கச் சொன்னேன்.

மறுபடி வாசித்தார்கள். இடது கையும் டிரம்ஸும் மட்டும் நடக்க, அவள் குரல் தனியாக மேலே நின்றது. வரி முடிந்ததும் சாக்ஸபோன் அவள் சொன்னதையே வேறு மாதிரி சொல்லிக்கொண்டு உள்ளே வந்தது. சமையலறையில் இருந்த என் மனைவி கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள்.

வெள்ளிக்கிழமை அந்தப் படிவத்தை மறுபடி கொடுக்கப் போகிறார்கள், நானும் கூடப் போகிறேன். வாத்தியங்கள் என்ற இடத்தில் கீபோர்டு, டிரம்ஸ், சாக்ஸபோன் என்று எழுதியிருக்கிறான். பிரிவு என்ற இடத்தில், பேண்டு.